பூச்சுக்கு முன்னாடி வர்ற எலக்ட்ரீஷியன்

சேலம், நாமக்கல் பக்கம் பாதியில நிக்கிற எந்தப் புது வீட்டை எட்டிப் பார்த்தாலும், சுவத்துல காடி எடுத்து பைப் பதிச்சிருக்கும். அங்கங்க இரும்புப் பெட்டிங்க வாயைத் திறந்துகிட்டு நிக்கும். பூச்சுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியன் வந்துட்டுப் போயாச்சுன்னு அர்த்தம். இந்த வரிசை ரொம்பப் பழசு இல்லீங்க.

1925-ல ஆரம்பிச்ச மேட்டூர் அணை 1934-ல முடிஞ்சது. மின் நிலையம் 1937-ல. (நம்ம உருண்டைக் கால் மூணு பின் பிளக்குக்கு மூலமான பி.எஸ். 546-ங்கிற பிரிட்டிஷ் தர விதியும் 1934-ல வந்ததுதான். அவங்க 1947-ல பட்டைக் காலுக்கு மாறினாங்க, நாம விடலை :-) )

அப்ப கரண்ட் போன வீடு பலதும் ஏற்கனவே பூசிக் குடியிருந்த வீடு. அதனால ஒயர் பூச்சுக்கு மேலதான் ஓடணும். சுவத்துல மர ஆப்பு அடிச்சு, அதுமேல தேக்கு ரீப்பர், அதுமேல கிளிப் போட்டு ஒயர். மரப் பலகையில சுவிட்சு. பார்வைக்கு அழகில்லைதான். ஆனா இன்னொரு பிளக் வேணும்னா இன்னொரு ரீப்பர் அடிச்சா போதும்.

சுவத்துக்குள்ள ஒயரை மறைக்க ஆரம்பிச்சதும் அந்த வசதி போச்சு. இப்ப பெட்டியோட விளிம்பு செங்கலோட மட்டத்துல நிக்கக் கூடாது, வரப்போற பூச்சோட மட்டத்துல நிக்கணும். உள்சுவருக்குப் பூச்சு சுமார் 12 மி.மீ. அதனால நூல் கட்டி, ரசமட்டம் வச்சு, அந்த அளவு வெளிய நீட்டிக் கலவை வச்சு இறுக்குவாங்க. உள்ள தள்ளிப்போனா ஸ்க்ரூ எட்டாது, துருத்துனா பிளேட் சுவரோட ஒட்டாது. அப்புறம் கொத்தனார் கலவை உள்ள விழாம சிமெண்ட் சாக்குத் தாளைத் திணிச்சு வைப்பாங்க. ஒயர் இழுக்கறது பூச்சு காஞ்சப்புறம்தான். இரும்புப் பெட்டிக்கு எர்த் கொடுக்கணும், அதை மட்டும் விட்டுடாதீங்க.

எனக்கு உறுத்தறது வேற. மிக்சி எங்க, கிரைண்டர் எங்க, பாட்டி கட்டில் எந்தப் பக்கம்னு எல்லாம் இந்தக் காடி எடுக்கற நாள்லயே முடிவாயிருது. அன்னிக்கு வெளியில நின்னு பேசறது வீட்டுக்காரரும் எலக்ட்ரீஷியனும் மட்டும்தான். அடுப்படியில நிக்கப்போறவங்களைக் கேட்கறதே இல்லை. ரீப்பர் காலத்துல அவங்க அப்புறமா கேட்டு வாங்கிக்கலாம். இப்ப பூசின சுவத்தை உடைக்கணும்.

பூசறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ஆணி அடிக்கறப்ப பைப் எங்க ஓடுதுன்னு தெரியும். உங்க ஊர்ல காடிக்கு வேற பேரு இருந்தா சொல்லுங்க.