மிலிந்தன் வழங்கிய தீர்ப்பு

‘நான் எண்ணினேன்’, ‘நான் செய்தேன்’ என்று நாள்தோறும் பன்முறை கூறுகின்றோம். அவ்வெண்ணத்திற்கும் செயலுக்கும் உரியவனாக நம்முள் ஒருவன் உண்மையிலேயே இருக்கின்றானா? அன்றி, அது மொழியின் பழக்கம் மட்டுந்தானா? இவ்வினாவை முன்னிட்டு ஓர் அரசனும் ஒரு துறவியும் நிகழ்த்திய வழக்கினை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அரசன் கிரேக்கன், மினாந்தர் என்னும் பெயரினன். பாலி நூலார் அவனை மிலிந்தன் என வழங்குவர். பாக்திரியாவில் வேரூன்றிய கிரேக்கர் வழியில் வந்து, கி. மு. 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவின் வடமேற்கை ஆண்டவன். அவனுடைய தலைநகராகிய சாகலம், இன்று பாகிஸ்தானிலுள்ள சியால்கோட்டே என்பது பலர் கருத்து. அவன் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் கரோஷ்டி எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. அவன் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்காசுகள் பரூச்சுத் துறைமுகத்தில் கைமாறி வந்தன என்பதைக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடற்பயண நூலால் அறிகின்றோம். அவன் புத்த சமயத்தைத் தழுவினானா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. காசுகள் பலவற்றில் காணப்படுவது அதீனா என்னும் கிரேக்கத் தெய்வமே. எட்டு ஆரமுடைய சக்கரம் பொறித்த காசும் உண்டு. அதைக் கொண்டு அவன் சமயத்தை முடிவு செய்ய இயலாது.

துறவி நாகசேனர். இருவர் உரையாடலையும் கூறும் நூல் ‘மிலிந்த பஞ்ஹ’ எனப்படும். மிலிந்தனுடைய வினாக்கள் என்பது பொருள். பாலி மொழியில் முழுமையாகக் கிடைக்கும் இந்நூலின் முற்பகுதி சீனத்திலும் உண்டு. பிற்பகுதிகள் அங்கு இல்லாமையால் அவை பின்னர்ச் சேர்ந்தவை எனக் கருதுவர். ரைஸ் டேவிட்ஸ் 1890, 1894-ஆம் ஆண்டுகளில் இதனை இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். உரையாடல் சொல்லுக்குச் சொல் நிகழ்ந்ததென நான் நம்பவில்லை. ஆயினும், எழுதியவர் அரசனுக்கு வலிமையற்ற வாதங்களைக் கொடுத்து எளிதில் வென்றுவிடவில்லை. அதுவே இந்நூலின் சிறப்பு.

முதற் சந்திப்பில் அரசன் துறவியின் பெயரைக் கேட்கின்றான். நாகசேனன் என்று அழைக்கின்றனர். ஆனால் அது வெறும் பெயரே, அப்பெயருக்குரிய ஆள் எவனும் இங்கில்லை என்கிறார் துறவி. அரசன் சினமடையவில்லை, அவையோரைச் சான்றாக அழைத்துத் தன் தடையைத் தொடுக்கின்றான். ஆளே இல்லையெனின் உமக்கு அளிக்கப்படும் உடையை உடுப்பவர் யார்? ஒழுக்கத்தைக் காப்பவர் யார்? கொலை செய்பவனும் களவு செய்பவனும் யாவர்? உம்மை ஒருவன் கொன்றாலும் அது கொலையாகாது போலும்! நல்வினையும் இல்லை, தீவினையும் இல்லை என்றல்லவா முடியும்? மயிரும் நகமும் நாகசேனரா, நுகர்ச்சியும் அறிவும் நாகசேனரா என்று ஒவ்வொன்றாக அவன் வினவ, ஒவ்வொன்றிற்கும் இல்லை என்றே விடை வருகின்றது.

இப்போது துறவியின் முறை. நடந்து வந்தீரா, தேரில் வந்தீரா என்று வினவுகின்றார். தேரில் என்கிறான் அரசன். ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் அன்று. அவை ஒருங்கு கூடியவிடத்துத் தேர் என்னும் பெயர் வழங்குகின்றது என அரசனே ஒப்புக்கொள்கின்றான். நாகசேனன் என்பதும் அவ்வாறே வழங்கும் பெயர் என்று முடிக்கின்றார் துறவி. இவ்வுவமை அவருக்கும் முற்பட்டது. வஜிரை என்னும் பிக்குணி கூறியதாக அவரே குறிப்பிடுகின்றார்.

தேர் உவமையோடு நின்றுவிடுவோர் பலர். அரசன் நிற்கவில்லை. தேர் களவு செய்வதில்லையே! குற்றம் யாரைச் சாரும் என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு மறுமொழியாகத்தான் மாம்பழ வழக்கு வருகின்றது. ஒருவன் பிறனுடைய மாம்பழங்களைக் கவர்ந்து பிடிபடுகின்றான். ‘இவன் நட்ட பழம் வேறு, நான் எடுத்த பழம் வேறு, ஆகவே இவன் பொருளை நான் எடுத்திலேன்’ என்று வாதிடுகின்றான். நீர் எவ்வாறு தீர்ப்பீர் என வினவுகின்றார் துறவி. குற்றவாளியே என்கிறான் அரசன். எடுத்த பழம், நட்ட பழத்தினின்றும் தோன்றியதன்றோ? அவ்வாறே செய்தவனும் பயனை நுகர்பவனும் ஒருவனே அல்லர், முற்றும் வேறானவரும் அல்லர். ஒன்றினின்று ஒன்று தோன்றி வரும் தொடர்ச்சியே வினையைச் சுமக்கின்றது என்பது நாகசேனரின் கருத்து. இரவு முழுதும் எரியும் விளக்கையும், பால் தயிராவதையும் அவர் உடன் காட்டுகின்றார்.

கல்லூரியில் பயின்ற நாளில் நான் எழுதிய குறிப்பேடு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்குக் கிட்டியது. நான் பெரிதும் மதிக்கும் ஓர் ஆசிரியரை அதில் இரக்கமின்றி இகழ்ந்திருந்தேன். அவ்வெண்ணம் எனக்கு அயலாரது எண்ணமாகவே தோன்றியது. ஆனால் கையெழுத்து என்னுடையது. ‘எழுதியவன் வேறு, நான் வேறு’ என்று சொல்ல நா எழுந்தது. உடனே மாங்கனித் திருடனின் நினைவு வந்தது, வாய் மூடினேன். தேர்வில் தவறியவனும் இன்று இருப்பவனும் வேறு வேறு எனத் தந்தையாரிடம் வாதிட எண்ணும் மாணவர் எவரேனும் இருப்பின், அவரும் இவ்வழக்கைப் படித்தல் நலம்.

எனினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. மாமரத்திற்கு உடையவன் ஒருவன் இருந்தமையாலன்றோ அங்கே களவு என்ற பேச்சே எழுந்தது? உடையவனே இல்லை என்று நிறுவ வந்த உவமையில், உடையவன் ஒருவன் தோட்டத்தில் நிற்கின்றான். தொடர்ச்சியைக் காட்டிப் பயன் எவ்வழிச் செல்லும் என்பதை விளக்கலாம். ‘இது என் செயல்’ என்று ஒருவன் நாணித் தலைகுனிவதை அதனால் மட்டும் விளக்கிவிட முடியுமா? இவ்வகைத் தடையைச் சமணர் வன்மையாக எழுப்பினர். செய்தவன் அக்கணமே அழிவானாயின் ஒருவன் செய்ய வேறொருவன் நுகர்வதாகுமே என்பது அவர் வாதம். அவ்விரு சமயத்தார் பூசல் தமிழகத்திலும் நெடுநாள் நடந்தது. சமண நூலாகிய நீலகேசி பௌத்தரோடு வாதிடப் பல சருக்கங்களை ஒதுக்கியுள்ளது.

தீர்ப்பைத் துறவி தாமே கூறவில்லை என்பதையும் நோக்குக. வழக்குக் கேட்டுப் பழகிய அரசன் வாயிலிருந்தே அதனை வருவித்தார். குற்றத்தை யாருடையதென முடிவு செய்ய, உள்ளே உறையும் ஓர் ஆளைத் தேடும் வழக்கம் அவன் நீதிமன்றத்தில் என்றுமே இருந்ததில்லை!

அவ்வுரையாடல் முதல் யாமம் கடந்து, தீவட்டிகள் ஏற்றிய பின்னரே முடிந்தது என்கிறது நூல். மறுநாட் காலை இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். நாகசேனரிடம் வினாத் தொடுத்தவன் நான் என்னும் களிப்பில் இரவைக் கழித்ததாகத் தாங்கள் கருதவேண்டா என்று அரசன் சொல்கின்றான். வினவியது முறைதானா, விடை பொருந்தியதுதானா என்றே எண்ணியிருந்தானாம். அரசனுக்கு விடை தந்தவன் நான் என்னும் களிப்பில் தாமும் இரவைக் கழிக்கவில்லை என்று துறவியும் அவனுக்குச் சொல்கின்றார்.