தட்சிணசித்ரா: பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்வித் திட்டங்கள்

தட்சிணசித்ரா, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள வாழும் வரலாற்று அருங்காட்சியகம். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்தின் வடிவமைப்பில் லாரி பேக்கரும் அவரைத் தொடர்ந்து பென்னி குரியாக்கோஸும் பங்காற்றினர். திறந்தவெளியில் வீடுகளைத் திரட்டிவைத்து மக்கள் வாழ்க்கையைக் காட்டும் இந்த முறைக்கு முன்னோடி, 1891இல் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் நிறுவிய ஸ்கான்சென்.

சுமார் பத்து ஏக்கரில் தென்மாநிலங்களின் 18 வீடுகள் நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, ஆம்பூர் அக்ரகார வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, ஆந்திரக் கடலோரத்தின் வட்டவடிவச் சுட்டில்லு ஆகியவை அவற்றுள் சில. இடிபட இருந்த வீடுகள் பலவற்றை விலைக்கு வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு லாரியில் ஏற்றிவந்தார்கள். அந்தந்த ஊர்த் தச்சர்களும் கொத்தர்களுமே மறுபடி கட்டினார்கள். அப்படி வந்தவை மாதிரி வீடுகளாக இல்லாமல் ஆட்கள் குடியிருந்த வீடுகளாக இருப்பதால், படியின் தேய்மானமும் ஒரு பாடமாகிறது.

பள்ளிகள் முன்பதிவு செய்து பிள்ளைகளை அழைத்துவருகின்றன. வழிகாட்டியுடன் வீடுகளைச் சுற்றுவது ஒரு பகுதி. பானை வனைதல், கூடை முடைதல், ஓலைப் பொருள் செய்தல், கோலமிடுதல், அச்சுப் பதித்தல் போன்ற கைவேலைகள் மற்றொன்று. குயவர் சக்கரத்தில் மண்ணின் நடுவே கட்டைவிரலை அழுத்தினால் குழி விழும். சற்றுக் கூடுதலாக அழுத்தினால் சுவர் சரிந்துவிடும். ஒரு பானைக்குப் பின்னால் எத்தனை வருடப் பழக்கம் இருக்கிறது என்பதைப் பிள்ளையின் விரலே அறிந்துகொள்கிறது. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை இயக்குகிறார். நூல் அறாமலிருக்க ஈரப்பதம் வேண்டும், அதைக் குழி தருகிறது என்று சொல்லும்போது அறிவியல் பாடமும் அங்கேயே நடந்துவிடுகிறது. கோடை முகாம்களும் ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளும் உண்டு. ஆசிரியர் பயிலரங்குகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருநாள் சுற்றுலா மறுவாரம் வகுப்பறைக்குள் வருவது அவற்றால்தான்.

கேரளப் பகுதியில் கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு 1850ஐச் சேர்ந்தது. அதன் மரச்சுவர்களும் நெல் சேர்க்கும் அறையும் நல்ல மழையையும் நல்ல விளைச்சலையும் கண்ட ஊரைச் சொல்கின்றன. கோட்டயம் பக்கத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏராளமான விவசாயிகள் இடுக்கி மலைகளுக்குக் குடியேறினார்கள். மறுபக்கம் கம்பம், போடியிலிருந்து தமிழர்கள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஏறினார்கள்; இன்றும் காலையில் ஜீப்புகளில் வருகிறார்கள். இரண்டு வழியும் சேரும் இடங்களில் வண்டன்மேடு ஒன்று. ஆனால் முட்டுக்காட்டின் 18 வீடுகளில் எஸ்டேட் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயம் இல்லை. தென்னிந்திய உழைப்பின் வரலாற்றில் இது சிறிய குறை அல்ல.

வண்டன்மேட்டுப் பள்ளிகள் முட்டுக்காட்டின் முறையைத் தங்கள் ஊரிலேயே கையாளலாம். கட்டடம் எழுப்பத் தேவையில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோவாக இறங்குவதை நேரில் பார்ப்பது கணக்குப் பாடம். நிறமும் பருமனும் பார்த்துக் காயைத் தரம் பிரிப்பவரோடு உட்காருவது கைத்திறன் பாடம். புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலக்கூடத்தில் விலை ஏறி இறங்குவது பொருளாதாரம். லயத்தில் வளர்ந்த பாட்டிமார் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அழைத்து, அடுப்பையும் கூலியையும் குளிரையும் பற்றிப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள், ஆசிரியர்களே. இந்த வருடமே தொடங்குங்கள்.