ஒட்டு
'ஒட்டு' என்னும் வினையடியே பெயராகி, ஒட்டுமாவில் வேர்ச்செடியோடு இணைத்த கிளையையும், மருத்துவத்தில் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் பொருத்தும் தோல் முதலிய திசுவையும் குறிக்கிறது. ஆங்கிலத்தின் 'கிராஃப்ட்' எழுத்தாணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சீவிய ஒட்டுக்குச்சியின் வடிவமே அதற்குக் காரணம் என்பர். மாமரம் அயற்கிளையை ஏற்றுக்கொள்ள, மனித உடலோ தன் உயிரணுக்களின் அடையாளப் புரதங்களோடு பொருந்தாத ஒட்டை அயலெனக் கண்டு, டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களை ஏவி அழிக்கிறது. கிளாஸ்கோவில் தீக்காயமுற்ற ஒருவரிடம் ஆராய்ந்து கிப்சன், மெடாவர் என்னும் ஆய்வாளர்கள் 1943இல் வெளியிட்ட முடிவு இன்னும் நுட்பமானது: அதே கொடையாளியின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது முன்னதைவிட விரைவில் அழிந்ததால், உடல் முதல் ஒட்டை நினைவில் வைத்திருப்பதும், ஆகவே மறுப்பு என்பது நோயெதிர்ப்பின் செயலே என்பதும் புலனாயின.