முதல் ஆட்டிசக் குழந்தை ஒரு பேங்க் ஊழியர்

ஆட்டிசம் என்று பேச்சு வந்தால் குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். தெரபி, ஸ்பெஷல் ஸ்கூல், எப்போது பேசுவான் என்ற கவலை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, முப்பது வயதில் டிபன் பாக்ஸோடு ஆபீஸ் போவார்கள் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நான் காமர்ஸ் படித்தவன். மருத்துவமும் தெரியாது, மனோதத்துவமும் தெரியாது. ஆனால் இந்த வரலாற்றின் பெரும்பகுதி ஒரு பேங்கில் நடந்தது என்பதால் எழுதத் துணிந்தேன்.

1943-ல் பால்டிமோரில் இருந்த லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தைத் தனியான ஒன்றாக மருத்துவ உலகம் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதில் முதல் கேஸ் டொனால்ட் டிரிப்லெட். 1933-ல் பிறந்தவர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அப்பா வக்கீல். மகனைப் பற்றி 33 பக்கம் எழுதி கானருக்கு அனுப்பினார்.

டாக்டர்கள் சொன்னார்கள் என்று மூன்று வயதில் பையனை வீட்டை விட்டு ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். ஒரு வருஷத்தில் பெற்றோரே போய்த் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். பிறகு ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியிடம் சில காலம் வளர்ந்தான். எதைக் கண்டாலும் எண்ணுவது பையனின் பழக்கம். விவசாயி அவனை அதட்டவில்லை. மக்காச்சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே உழு என்று விட்டுவிட்டார். கானர் 1945-ல் நேரில் போய் இதைப் பார்த்தார். வேலையிடத்தில் ஒருவருக்குத் தரும் ஆதரவு என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டொனால்ட் கல்லூரி முடித்து 1958-ல் சொந்த ஊர் பேங்கில் சேர்ந்தார். சுமார் 65 வருஷம் அதே பேங்க்! 2023-ல் 89 வயதில் காலமானார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டி, இப்போது நாக்பூரில் குப்பை கொட்டும் என் போன்றவனுக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அவருக்கு அந்த மாறாத ஊரும் மாறாத முகங்களுமே பெரிய துணை.

1971-ல் கானர் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப்போய் எழுதினார். வேலை பார்த்து நன்றாக இருந்தவர்களாக அவர் எடுத்துக்காட்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் டொனால்ட். இன்னொருவர் ஒரு அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரம் இயக்கியவர். அரசுக் காப்பகங்களுக்குப் போனவர்கள் அங்கேயே முடங்கிப்போனார்கள்.

நிற்க. டொனால்ட் வேலை பார்த்த பேங்க் அவருடைய அம்மாவின் குடும்பம் தொடங்கியது. நம் எல்லோருக்கும் தாத்தா வழியில் ஒரு பேங்க் இருக்குமா?

இல்லாதவர்களுக்குத்தான் சட்டம். இந்தியாவின் 1995 ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது, ஆனால் அது முக்கியமாகப் பராமரிப்பு, காப்பாளர் பற்றியது. வேலை பற்றியது அல்ல. 2007-ல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் பிறகு வந்த 2016 சட்டம் 2017 ஏப்ரல் 19-ல் அமலுக்கு வந்தது. வகைகள் 21 ஆயின. ஆட்டிசமும் சேர்ந்தது. அரசு வேலையில் 4% ஒதுக்கீடு. அதில் 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லோருக்கும் சேர்த்து. பேங்க் தேர்வு அறிவிப்பில் 'ஐ.டி.' என்று ஒரு கட்டம் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் அல்ல, இவர்கள்தான்.

இந்த ஒதுக்கீட்டுக்கு 40% சான்றிதழ் வேண்டும். ஆனால் 20-வது பிரிவு வேறு. ஊனமுள்ள ஊழியருக்கு நியாயமான வசதிகளை அரசு நிறுவனம் செய்து தர வேண்டும் என்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வசதி கேட்க 40% கட்டாயமில்லை என்று தெளிவாக்கியது. அது தேர்வில் எழுத உதவியாளர் கேட்ட வழக்கு, ஆனாலும் தத்துவம் ஒன்றுதான்.

இதைப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு நான் இருந்த ஒரு கிளையில் ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் கிளார்க். அப்போதைய மேனேஜர் நல்ல மனுஷர். டோக்கன் சத்தம் கேட்காத மூலையில் இடம், காலையிலேயே அன்றைய வேலைப் பட்டியல், எந்த மாற்றமானாலும் எழுத்தில். ஏ.டி.எம். கணக்கைச் சரிபார்ப்பதில் அவரிடம் ஒரு ரூபாய் தப்பாது. மேனேஜருக்கு மாற்றல் வந்தது. புதியவர், பென்ஷன் நாளில் முன்னறிவிப்பில்லாமல் அவரைக் கேஷ் கவுண்டரில் உட்கார வைத்தார். பதினொரு மணிக்கு அவர் ரெக்கார்ட் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், நான் வேலையை விட்டுடவா?" என்றுதான் கேட்டார்.

புதியவர் கெட்டவர் இல்லை. பழைய ஏற்பாடு எந்த ஃபைலிலும் இல்லை, அவ்வளவுதான். வாய்மொழி சாங்ஷனை நம்பி நாம் ஒரு லோன் கொடுப்போமா? அவரும் நானும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, 20-வது பிரிவைச் சொல்லி, என்னென்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து ஆபீஸ் ஆர்டர் வந்தது. அதற்குப் பிறகு அங்கே இன்னொரு மேனேஜர் மாறிவிட்டார். இளைஞர் அதே மூலையில்தான் இருக்கிறார்.

அதே சட்டத்தின் 21-வது பிரிவு, தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் ஆபீஸில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று நாளைக்கு எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்களேன். உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். பக்கத்து சீட்டுக்காரர் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கலாம்.