வானொலிப் பேச்சு திசை மாறிய வரலாறு

பேசுபவன் ஒருவன், கேட்பவர் கோடிக்கணக்கானோர். கேட்பவருள் ஒருவர் எழுந்து, "ஐயா, நீர் கூறுவது தவறு" என்று மறுப்பதற்கு அங்கே இடமில்லை. பொதுக்கூட்டமாயின் கேள்விச் சீட்டு அனுப்பலாம்; பத்திரிகையாயின் மறுப்புக் கடிதம் எழுதலாம். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவனுக்கு உள்ள சுதந்திரமெல்லாம் அப்பெட்டியை மூடிவிடும் சுதந்திரம் ஒன்றுதான். இக்குறையைப் போக்க முயன்று, பின்னர் அம்முயற்சியைத் தானே கைவிட்ட நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அவ்வரலாற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

நாம் தொடங்கவேண்டிய இடம் ஒரு பாதிரியார். நம் வாசகர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். மிச்சிகன் மாகாணத்து ராயல் ஓக் என்னும் ஊரில் கத்தோலிக்கக் குருவாயிருந்த சார்லஸ் காக்லின், 1926-இல் டிட்ராய்ட் நிலையத்தின் வாயிலாகப் பேசத் தொடங்கினார். முதலில் அது வெறும் சமய போதனையாகவே இருந்தது. 1929-இல் பொருளாதாரம் சரிந்து, உழைக்கக் கையிருந்தும் வேலையின்றி மக்கள் தெருவில் நின்றபோது, அவர் வங்கி முதலாளிகளைக் கண்டிக்க முற்பட்டார். தம் வயிற்றெரிச்சலைப் பிறர் வாயால் கேட்ட ஏழைகள் அவரைக் கொண்டாடினர். 1930-இல் சி.பி.எஸ். ஸ்தாபனம் அவர் பேச்சை நாடெங்கும் பரப்பியது. அடுத்த ஆண்டே அது விலகிக்கொள்ள, அவர் நிலையங்களில் தாமே நேரத்தை விலைக்கு வாங்கிப் பேசினார். 1932-இல் ரூஸ்வெல்ட்டைப் புகழ்ந்த அதே நாவு, சில ஆண்டுகளில் ரூஸ்வெல்ட்டைத் தூற்றியது. முடிவில் அது கண்டுபிடித்த பகைவர் யூதர். 1938 நவம்பரில் ஜெர்மனியில் நாஜிகள் யூத ஆலயங்களைக் கொளுத்திக் கடைகளை நொறுக்கிய சில நாட்களுக்குள், அக்கொடுமைக்கு நியாயம் கற்பிக்கும் தோரணையில் இவர் பேசினார். 1939-இல் ஒலிபரப்பாளர் சங்கம் சர்ச்சைக்குரிய பேச்சுகளுக்கு நேரம் விற்பதைக் கட்டுப்படுத்தியது. 1940-இல் அவர் வானொலியை விட்டு நீங்க நேர்ந்தது. ஏழைக்காகத் திறந்த வாய் இவ்வளவு தூரம் கெட்டதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். பதினான்கு ஆண்டுகளாக அம்மேடையில் அவரை இடைமறித்து ஒரு கேள்வி கேட்க ஆளில்லை என்பதையே நாம் முதற் காரணமாகக் கொள்கிறோம்.

வானலைகள் பொதுச் சொத்து. நிலையத்தார் உரிமம் பெற்றவரேயன்றி உடைமையாளர் அல்லர். இக்கொள்கையின் மீது நின்று, 1949-இல் அந்நாட்டின் கூட்டரசுத் தொடர்புக் கமிஷன் ஒரு விதி வகுத்தது. பொது விவகாரங்களைப் பேச நிலையங்கள் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு பக்கம் பேசினால் மறு பக்கத்துக்கும் இடந்தர வேண்டும். இதனை நியாய விதி என்று குறிப்போம்.

விதியின் உரைகல் பென்சில்வேனியாவில் ரெட் லயன் என்னும் சிற்றூரில் அமைந்தது. 1964-இல் அவ்வூர் நிலையத்தில் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற வேறொரு பாதிரியார், கோல்ட்வாட்டரைக் குறைகூறி நூல் எழுதிய பிரெட் குக் என்பவரைப் பெயர் சொல்லித் தாக்கினார். குக் மறுமொழி கூற இலவசமாக நேரம் கேட்டார், நிலையம் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. கேட்பவரின் உரிமையே ஒலிபரப்புவோரின் உரிமையினும் மேலானது என்று 1969-இல் தீர்ப்பாயிற்று. சாமானியனுக்குக் கிடைத்த வெற்றி என்று இதை நாம் முழுமனதோடு மெச்சியிருப்போம். ஆனால் எதிர்க்கட்சி நிலையங்களைத் தொல்லைப்படுத்த ஜனநாயகக் கட்சியினர் இவ்விதியைக் கருவியாக்கிக்கொண்டனர் என்பதும், குக்கின் முறையீட்டுக்குப் பின்னால் அவர்கள் கையிருந்தது என்பதும் 1976-இல் பிரெட் பிரெண்ட்லி எழுதிய நூலால் வெளியாயின. நல்ல விதியும் கட்சிக்காரர் கையில் தடியாகும்.

இதற்கிடையில் தொலைபேசி வானொலிக்குள் புகுந்தது. 1960-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து கே.எம்.ஓ.எக்ஸ். நிலையம் பகல் இசையைக் குறைத்து, நேயர்கள் அழைத்துப் பேசும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1978 முதல் லாரி கிங் நள்ளிரவில் விருந்தினரை அமர்த்தி நாடு முழுவதிலுமிருந்து கேள்விகளை வாங்கினார். லாரி ஓட்டுபவனும் இரவுக் காவலாளியும் பெரிய மனிதரைக் கேள்வி கேட்ட காலம் அது. பேச்சு அப்போதுதான் இருவழிப் பாதையாயிற்று.

1987 ஆகஸ்டில் கமிஷன் நியாய விதியை நீக்கியது. சர்ச்சைக்கு அஞ்சி நிலையங்கள் வாய்மூடிக் கிடக்கவே இவ்விதி உதவுகிறது என்று காரணம் கூறினர். அதில் உண்மை இல்லாமலில்லை. விதியைச் சட்டமாக்கச் சட்டமன்றம் இயற்றிய மசோதாவை ரீகன் அதே ஆண்டு ஜூனில் நிராகரித்திருந்தார். எனினும் பழி முழுவதையும் இந்த நீக்கத்தின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. இசை எப்.எம். அலைக்குப் போய்விட்டபடியால் ஏ.எம். நிலையங்கள் விற்கச் சரக்கின்றித் தவித்தன. செயற்கைக்கோள் ஒரே பேச்சை எல்லா ஊர்களுக்கும் மலிவாகக் கொண்டு சேர்த்தது. 1988 ஆகஸ்டில் ரஷ் லிம்பா நியூயார்க்கிலிருந்து நாடெங்கும் பேசத் தொடங்கியபோது களம் தயாராயிருந்தது.

அவர் நாள்தோறும் மூன்று மணி நேரம் பேசினார், விருந்தினர் அரிது. தொலைபேசி அங்கும் இருந்தது. அழைத்தவர்களோ முதற் சொல்லாக "டிட்டோ" என்றனர். முன்னவர் பாடிய புகழே எமதும் என்று நேரத்தை மிச்சப்படுத்தும் வழியாம்! தோட்டத்துச் செக்ரோலில் ஒரே வேலை செய்தவர்களின் பெயர்களுக்கு நேரே "மேற்படி, மேற்படி" என்று எழுதி நாம் பக்கத்தை முடித்ததுண்டு. பெயர்கள் மட்டும் வேறு, மற்றதெல்லாம் மேற்படி. கேள்வி கேட்பதற்காக வந்த கம்பி ஆமோதிப்பதற்காகப் பயன்பட்டது.

1994 தேர்தலில் குடியரசுக் கட்சியினர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றினர். புதிய உறுப்பினர்கள் லிம்பாவைத் தங்களுள் ஒருவராகவே கௌரவித்தனர். 1996-இன் சட்டம், ஒரு கம்பெனி நாடு முழுவதும் இத்தனை நிலையங்களே வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. கிளியர் சேனல் என்ற கம்பெனி ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு உடைமையாயிற்று. லிம்பாவின் நிகழ்ச்சியும் அதன் கைக்கே வந்தது. இடதுசாரியினர் 2004-இல் ஏர் அமெரிக்கா என்று போட்டிக்கு ஒன்று நிறுவி 2010-இல் மூடினர். அதுவும் தன் கூட்டத்தாரிடமே பேசியது. பிரெட் குக்கிற்குப் பயன்பட்ட, தாக்கப்பட்டவர் மறுமொழி கூறும் உரிமை மட்டும் ஏட்டளவில் 2000 வரை உயிரோடிருந்து, நீதிமன்ற ஆணையால் அவ்வாண்டில் ஒழிந்தது. நியாய விதியின் வாசகங்கள் 2011-இல் விதிநூலிலிருந்தே அகற்றப்பட்டன.

லிம்பா 2021 பிப்ரவரியில் மறைந்தார். அவருடைய மூன்று மணி நேரம் நெடுநாள் உரியவரின்றிக் கிடக்கவில்லை. ஜூனில் வேறிருவர் அந்த நேரத்துக்கு வந்து அமர்ந்தனர்.