உப்பள நீரேற்றத்தில் குழாய் இழப்புகள்

குழாயில் ஓடும் நீர்மம் சுவரோடு உராய்வதாலும், வளைவு, வால்வு, சல்லடை போன்ற தடைகளில் சுழித்துக் கலங்குவதாலும் தன் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. இவ்விழப்பு, அதே ஆற்றலால் அந்நீர்மத்தை எவ்வளவு உயரம் தூக்கலாமோ அந்த உயரமாக, மீட்டரில் குறிக்கப்படும். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியான மரக்காணம் போன்ற தட்டையான உப்பளக் கரையில் உவர்நீரை ஏற்றவேண்டிய உயரம் சிறிது, கொண்டுசெல்ல வேண்டிய தூரமோ மிகுதி என்பதால், அங்கு மோட்டாரின் உழைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உராய்வே.

வைஸ்பாக் 1845இல் அமைத்து, டார்சியின் 1857ஆம் ஆண்டுச் சோதனைகளால் வலுப்பெற்ற சமன்பாட்டின்படி, உராய்விழப்பு குழாயின் நீளத்துக்கும் வேகத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்திலும், விட்டத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். 100 மி.மீ. விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 10 லிட்டர் ஓடும்போது, உராய்வுக் குணகம் 0.02 எனக் கொண்டால், 100 மீட்டர் தொலைவில் இழப்பு ஏறத்தாழ 1.65 மீட்டர்; உப்புப் பாத்திக்கு நீரேற்றும் உயரமே பல இடங்களில் இவ்வளவு இராது. இதே ஓட்டத்தில் ஓர் எல்போ வளைவு விழுங்குவது சுமார் 7 செ.மீ. மட்டுமே. ஆனால் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள, பாசியடைத்த ஃபுட் வால்வுச் சல்லடையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. உறிஞ்சு பக்கத்து இழப்பு மிகுந்தால் அழுத்தம் தாழ்ந்து, பம்புக்குள் ஆவிக்குமிழிகள் தோன்றி, சுழலியையே அரிக்கும்.

உவர்நீர் வேறு இரு சிக்கல்களையும் சேர்க்கிறது. உப்பு படியத் தொடங்கும் சுமார் 25 போமே (உவர்நீரின் செறிவைக் குறிக்கும் அலகு) செறிவில் அதன் அடர்த்தி நன்னீரைப்போல் 1.2 மடங்கும், ஓட்டத்தை எதிர்க்கும் பண்பான பாகியல் ஏறத்தாழ இருமடங்கும் ஆகின்றன. எனினும், இத்தகைய குழாய்களில் ஓட்டம் ரெனால்ட்ஸ் 1883இல் விளக்கிய கொந்தளிப்பு ஓட்டமாகவே இருப்பதால், பாகியல் கூடுவதால் நேரும் இழப்பு குறைவு; அடர்த்தி கூடுவதே மோட்டாருக்குப் பெரிய சுமை. அதைவிடக் கெடுதலானது படிவு. 13 போமேயை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கும். அது சுவரில் ஒட்டி 100 மி.மீ. விட்டத்தை 90 ஆக்கினால், வேகமும் கூடுவதால், இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிர்விகிதத்தில் உயர்ந்து 1.65 மீட்டர் என்பது 2.8 மீட்டராகும். இதே விதியின்படி, 125 மி.மீ. குழாய் பதித்தால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.