வெளியேறியது நாடு, பறிபோனது யாருடைய உரிமை?

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 51.9 விழுக்காட்டினர் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்றார்கள். எல்லை, வணிகம் பற்றி ஊடகங்கள் நிறையப் பேசின. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒன்றியத்தின் சட்டங்கள் வழியாகக் கிடைத்த உரிமைகள் என்ன ஆயின?

முதல் மோதல் நீதிமன்றத்தில் நடந்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே விலகல் அறிவிப்பைக் கொடுக்க அரசு முயன்றது. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளில் 8 பேர் அதை மறுத்தனர். நாடாளுமன்றச் சட்டத்தால் மக்களுக்குக் கிடைத்த உரிமைகளை அமைச்சர்கள் தாமாகப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பிரிட்டனில் வாழ்ந்த ஐரோப்பியர்களை விலகல் ஒப்பந்தம் பாதுகாத்தது. ஆனால் அந்த உரிமை தானாக வரவில்லை. 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டு நிறைவு செய்யாதவர்களுக்குத் தற்காலிகத் தகுதி மட்டுமே தரப்பட்டது. அவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கத் தவறினால் உரிமையை இழப்பார்கள் என்ற விதியை, 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. விண்ணப்பத்தைச் சார்ந்த உரிமையில் முதலில் விடுபடுவோர் முதியவர்களும், ஆவணம் இல்லாத ஏழைகளுமே. சாதிச் சான்றிதழுக்கு அலையும் நம் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனிப்போம். ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனம், தன் 21ஆம் பிரிவில் 'சமூகத் தோற்றம்', 'பிறப்பு' ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஒன்றியச் சட்டம் பொருந்தும் இடங்களில் பிரிட்டனிலும் அது செல்லுபடியானது. 2018 ஜூனில் நிறைவேறிய விலகல் சட்டம், அந்தச் சாசனம் மட்டும் தொடராது என்றது. அடுத்த மாதமே, சமத்துவச் சட்டத்தில் சாதியை வெளிப்படையாகச் சேர்க்கப் போவதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு அறிவித்தது. அதைச் சேர்க்க வேண்டும் என 2013இலேயே நாடாளுமன்றம் கடமை விதித்திருந்தும் இதுதான் நிலை. இவை தனித்தனி முடிவுகள். ஆனாலும், பிறப்பால் ஒடுக்கப்படுவோருக்கு இரண்டு கதவுகள் அடுத்தடுத்து அடைபட்டன.

தோழர்களே, உரிமையை ஏட்டில் எழுதினால் போதாது. அதைக் கேட்டு நீதிமன்றம் போகும் வழியும் வேண்டும். அதனால்தான் அண்ணல் அம்பேத்கர் நம் அரசமைப்பின் 32ஆம் பிரிவை அதன் இதயம், ஆன்மா என்றார். ஆட்சியும் எல்லையும் மாறும்போதெல்லாம் நாம் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வழி திறந்திருக்கிறதா என்பதைத்தான்.